கொழுப்புக் கல்லீரலுக்கு வைட்டமின் ஏ காப்ஸ்யூல் போடலாமா?

வாசகர் கேள்வி: எனக்கு வயது 46, எடை 84 கிலோ. ஆறு மாதத்துக்கு முன் எடுத்த ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு, இரண்டாம் கிரேடு என்று வந்தது. கல்லீரல் என்சைம்களான ஏ.எஸ்.டி. 48, ஏ.எல்.டி. 64, பிளேட்லெட் 2,10,000. கல்லீரல் கெடும்போது அதிலுள்ள வைட்டமின் ஏ வற்றிவிடும், அதனால்தான் தழும்பு விழுகிறது என்று படித்தேன். ஐந்து மாதமாகத் தினமும் 25,000 யூனிட் வைட்டமின் ஏ காப்ஸ்யூல் ஒன்றும், மீன் ஈரல் எண்ணெய் ஒரு டீஸ்பூனும் எடுக்கிறேன். கேரட் ஜூஸ் இரண்டு டம்ளர் குடிக்கிறேன். உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. ஆனால் ரத்தத்தில் வைட்டமின் ஏ 58 மைக்ரோகிராம், நார்மல் என்றுதான் ரிப்போர்ட். வார இறுதியில் மட்டும் இரண்டு மூன்று பெக் மது உண்டு. இதைத் தொடரலாமா? 19 வயது மகள் முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் 20 மி.கி. சாப்பிடுகிறாள். அவளும் இந்தக் காப்ஸ்யூல் எடுத்தால் கல்லீரலுக்குப் பாதுகாப்பா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

காப்ஸ்யூலையும் மீன் ஈரல் எண்ணெயையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஸ்டீராய்டு மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டிய மருந்தல்ல இது. உள்ளே இருக்கும் இருப்பு பல மாதங்களுக்குத் தாங்கும், நிறுத்தியவுடன் குறைபாடு வந்துவிடாது. மகளுக்கு அந்தக் காப்ஸ்யூல் கூடவே கூடாது. அதைக் கடைசியில் விளக்குகிறேன்.

நீங்கள் படித்ததில் பாதி உண்மை. கல்லீரலில் தழும்பு விழும்போது வைட்டமின் ஏ வற்றுவது நிஜம். வற்றியதால்தான் தழும்பு விழுகிறது, ஊற்றினால் ஆறிவிடும் என்பது மட்டும் சரியில்லை. நன்றாகச் சாப்பிடும் ஒருவரின் உடம்பில் உள்ள வைட்டமின் ஏ-யில் 70 முதல் 90 சதவீதம் கல்லீரலில்தான் இருக்கிறது. அதிலும் பெரும்பங்கு ஒரே வகை செல்லுக்குள் அடங்கியிருக்கிறது. அதன் பெயர் ஸ்டெல்லேட் செல், நட்சத்திர வடிவ செல். கல்லீரல் செல்களில் இவை பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. 1876-ல் கூப்ஃபர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி இவற்றைப் பார்த்து எழுதினார். 1951-ல் ஜப்பானின் இட்டோ, கொழுப்பைச் சேர்த்து வைக்கும் செல் என்று வர்ணித்தார். இரண்டும் ஒன்றே, சேமிப்பது வைட்டமின் ஏ என்பதை 1971-ல் வேக் என்ற ஜப்பானிய ஆய்வாளர் நிரூபித்தார். புறஊதா ஒளியில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இந்தச் செல்களின் கொழுப்புத் துளிகள் நீலப்பச்சையாக மின்னி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிப்போகும். அப்படிச் சட்டென்று மங்கும் ஒளிர்வு வைட்டமின் ஏ-யின் அடையாளம்.

சாப்பிட்ட வைட்டமின் ஏ குடலில் கொழுப்போடு சேர்ந்து உறிஞ்சப்பட்டு, முதலில் கல்லீரலின் பிரதான செல்லான ஹெப்படோசைட்டுக்குப் போகிறது. அங்கே ரெட்டினாலாக, அதாவது ரத்தத்தில் ஓடும் வைட்டமின் ஏ வடிவமாகப் பிரிந்து பக்கத்து ஸ்டெல்லேட் செல்லுக்குக் கைமாறுகிறது. அந்தச் செல்லில் உள்ள எல்.ஆர்.ஏ.டி. என்ற என்சைம், ரெட்டினாலோடு ஒரு கொழுப்பு அமிலத்தைக் கோத்து ரெட்டினைல் எஸ்டராக்கித் துளிக்குள் பூட்டி வைக்கிறது. கண்ணுக்கோ தோலுக்கோ தேவைப்படும்போது பூட்டைத் திறந்து, மறுபடி ரெட்டினாலாக்கி, ஆர்.பி.பி. என்ற கடத்திப் புரதத்தின் முதுகில் ஏற்றி ரத்தத்துக்கு அனுப்புகிறது. அந்தப் புரதத்தைத் தயாரிப்பதும் கல்லீரல்தான். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வையுங்கள், உங்கள் ரிப்போர்ட்டைப் படிக்கும்போது தேவைப்படும்.

கொழுப்போ, மதுவோ, வைரஸோ தொடர்ந்து கல்லீரலைப் புண்படுத்தும்போது இதே ஸ்டெல்லேட் செல் குணம் மாறுகிறது. துளிகளைக் கைவிட்டு, நீண்டு, சுருங்கி விரியும் தசைநார் போன்ற செல்லாகி, கொலாஜன் நாரை நெய்யத் தொடங்குகிறது. அந்த நார்தான் ஃபைப்ரோசிஸ். அது முற்றினால் சிரோசிஸ். ஆக, வைட்டமின் வற்றுவதும் நார் நெய்வதும் ஒரே மாற்றத்தின் இரு முகங்கள். இவற்றில் எது எதற்குக் காரணம் என்பதற்கு எலி ஆய்வு ஒன்று தெளிவான பதில் தந்திருக்கிறது. எல்.ஆர்.ஏ.டி. என்சைமே இல்லாமல் பிறக்கவைத்த எலிகளின் ஸ்டெல்லேட் செல்லில் வைட்டமின் ஏ துளியே இருக்காது. துளி போனதால்தான் தழும்பு வருகிறது என்றால் அந்த எலிகளுக்கு மற்றவற்றைவிட மோசமான தழும்பு வந்திருக்க வேண்டும். 2011-ல் வெளியான அந்த ஆய்வில் அப்படி வரவில்லை. மாறிப்போன செல்லில் பூட்டிவைக்கும் என்சைமும் குறைந்துவிடுவதால், வெளியிலிருந்து கொட்டுவது போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போவதுமில்லை. உடலில் வைட்டமின் ஏ வேலை செய்யும் வடிவமான ரெட்டினாயிக் அமிலத்தின் வகைகளை நேரடியாகக் கொடுத்த விலங்கு ஆய்வுகளும் ஒரே திசையில் பேசவில்லை. சிலவற்றில் தழும்பு குறைந்தது, சிலவற்றில் கூடியது. இந்த நிலையில் அதை மருந்தாக எடுத்துக்கொள்ள யாரும் சொல்ல முடியாது.

அதற்காக வைட்டமின் ஏ-க்கும் கொழுப்புக் கல்லீரலுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லமாட்டேன். 2008-ல் கண்டறிந்த பி.என்.பி.எல்.ஏ.3 மரபணு மாறுபாடு கொழுப்புக் கல்லீரல் தீவிரமாவதோடு வலுவாகச் சேர்ந்திருப்பது. அந்த மரபணு தரும் புரதம் ஸ்டெல்லேட் செல்லில் ரெட்டினைல் எஸ்டர் பூட்டைத் திறக்கும் வேலையையும் செய்கிறது. ஆராய்ச்சிக்கு இது வளமான நிலம். அதைக் காட்டி மருந்துக்கடையில் காப்ஸ்யூல் வாங்க முடியாது, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் 58. இந்த எண்தான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. ரத்த ரெட்டினால் கல்லீரல் இருப்பின் அளவுகோல் அல்ல. இருப்பு எவ்வளவு இருந்தாலும் கல்லீரல், ஆர்.பி.பி. புரதத்தின் கணக்குப்படிதான் ரெட்டினாலை வெளியே விடும். ஒரு கிராம் கல்லீரலில் 20 மைக்ரோகிராமுக்குக் கீழே இருப்பு இறங்கும்வரை ரத்தத்து அளவு பெரிதாக இறங்காது. அதேபோல் 300 மைக்ரோகிராமைத் தாண்டி நச்சு எல்லைக்குள் போனாலும் நார்மலாகவே காட்டலாம். மிகுதியைக் காட்டிக்கொடுப்பது ரெட்டினால் அல்ல, ரெட்டினைல் எஸ்டர். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் மொத்த வைட்டமின் ஏ-யில் எஸ்டரின் பங்கு 10 சதவீதத்தைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும்.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். 25,000 யூனிட் என்பது 7,500 மைக்ரோகிராம் ரெட்டினால். அமெரிக்காவின் பரிந்துரைப்படி ஆண்களுக்குத் தினத் தேவை 900 மைக்ரோகிராம், பெரியவர்களுக்கு மேல் எல்லை 3,000. அதாவது தேவையைப்போல் எட்டு மடங்குக்கு மேல், மேல் எல்லையைப்போல் இரண்டரை மடங்கு. மீன் ஈரல் எண்ணெய் டீஸ்பூனில் பொதுவாக 1,350 மைக்ரோகிராம் இருக்கும், அதைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். 150 நாள் காப்ஸ்யூல் மட்டுமே 11,25,000 மைக்ரோகிராம். பாதி வெளியேறி, பாதி தங்கியது என்று வைத்தாலும், ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரலில் கிராமுக்கு 375 மைக்ரோகிராம் கூடியிருக்கும். இது தாளில் போட்ட தோராயக் கணக்கு, உங்கள் கல்லீரலில் சரியாக அவ்வளவு இருக்கிறது என்று பொருளில்லை. ஆனால் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்பது தெரிகிறது.

1991-ல் பெல்ஜியத்திலிருந்து, வைட்டமின் ஏ-யால் கல்லீரல் கெட்ட 41 பேரைப் பற்றி ஓர் அறிக்கை வந்தது. அதில் சிரோசிஸ் வரை கொண்டுபோன மிகக் குறைந்த தொடர் அளவு, தினம் 25,000 யூனிட் வீதம் ஆறு ஆண்டு. உங்கள் காப்ஸ்யூலின் அதே அளவு. ஆறு ஆண்டும் ஐந்து மாதமும் ஒன்றல்ல, அதனால் பயந்துபோக வேண்டாம். இந்தக் கட்டத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் ஏற்கெனவே கொழுப்பு படிந்த, மதுவும் சேரும் கல்லீரலுக்கு எது பாதுகாப்பான எல்லை என்று யாராலும் கோடு கிழித்துச் சொல்ல முடியாது.

மதுவைப் பற்றி ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி. வார இறுதியில் மட்டும் என்பது இங்கே ஆறுதல் தராது. மதுவை உடைக்கும் என்சைம் குடும்பமும் ரெட்டினாலை உடைக்கும் என்சைம் குடும்பமும் ஒன்றேதான். இரண்டும் ஒரே வாசலில் முண்டியடிக்கும். தொடர்ந்து குடிக்கும்போது சி.ஒய்.பி.2இ1 என்ற இன்னொரு என்சைம் பெருகி, ரெட்டினாயிக் அமிலத்தைத் தேவையில்லாமல் சிதைக்கிறது. விளைவு, குடிப்பவர் கல்லீரலில் வைட்டமின் ஏ குறைந்தும் இருக்கும், வெளியிலிருந்து கொடுத்தால் மற்றவரைவிடக் குறைந்த அளவிலேயே நச்சாகவும் மாறும். குறைபாட்டுக்கும் மிகுதிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அவர்களுக்குக் குறுகிவிடுகிறது. கல்லீரல் சரியாகும்வரை முழுதாக நிறுத்துங்கள். ஒரு பெக் பரவாயில்லையா என்று கேட்காதீர்கள்.

உள்ளங்கை மஞ்சளுக்குக் காரணம் பெரும்பாலும் கேரட். கண்ணாடி முன் பகல் வெளிச்சத்தில் நின்று கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெள்ளை விழி வெள்ளையாகவே இருந்து, உள்ளங்கை, உள்ளங்கால், மூக்கின் இரு ஓரம் மட்டும் மஞ்சளாக இருந்தால் அது கரோட்டின். காமாலை என்றால் விழி முதலில் மஞ்சளாகும், சிறுநீரும் அடர்நிறமாகும். கேரட்டின் கரோட்டினை, இருப்பு போதுமானதாக இருக்கும்போது குடல் தானாகவே மெதுவாகத்தான் வைட்டமின் ஏ-யாக மாற்றும். அதனால் கேரட்டால் வைட்டமின் ஏ நச்சு வராது, நிறம் சில வாரங்களிலிருந்து சில மாதங்களில் போய்விடும். ஆனால் இரண்டு டம்ளர் ஜூஸ் வேண்டாம். நார் போய், சர்க்கரை மட்டும் இறங்குவது கொழுப்புக் கல்லீரலுக்கு உதவாது. கேரட்டை அப்படியே சாப்பிடுங்கள். பீட்டா கரோட்டின் மாத்திரை வேறு விஷயம். புகைபிடிப்பவர்களிடம் அதைச் சோதித்த இரண்டு பெரிய ஆய்வுகளிலும், 1994-லும் 1996-லும், நுரையீரல் புற்றுநோய் கூடியது. இரண்டாவதில் கரோட்டினோடு கொடுத்தது, உங்கள் காப்ஸ்யூலின் அதே 25,000 யூனிட் வைட்டமின் ஏ, ரெட்டினைல் பால்மிடேட் வடிவில். ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள்.

இனிச் செய்ய வேண்டியது. வீட்டில் இருக்கும் சத்து மாத்திரை, முடி மாத்திரை, புரத மாவு எல்லாவற்றின் லேபிளையும் எடுத்துப் படியுங்கள். ரெட்டினைல் பால்மிடேட், ரெட்டினைல் அசிடேட், ரெட்டினால் என்று எழுதியிருந்தால் அது நேரடி வைட்டமின் ஏ, ஒதுக்கிவையுங்கள். பீட்டா கரோட்டின் என்றிருந்தால் அந்த மிகுதிக் கணக்கில் சேராது. ஈரல் வகை உணவையும் இப்போதைக்கு விடுங்கள். மாட்டு ஈரல் ஒரு சிறு துண்டு, 85 கிராம், 6,500 மைக்ரோகிராமுக்கு மேல் தரும்.

பரிசோதனைக்கு, நிறுத்திய ஒரு மாதம் கழித்து ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி., ஜி.ஜி.டி., ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், பிலிருபின், அல்புமின், ஐ.என்.ஆர்., பிளேட்லெட், கால்சியம், லிப்பிட், சர்க்கரை பாருங்கள். வைட்டமின் ஏ மிகுந்தால் கால்சியம் ஏறக்கூடும், அதை விட்டுவிடாதீர்கள். ஹெபடைட்டிஸ் பி, சி இதுவரை பார்க்கவில்லை என்றால் ஒருமுறை பாருங்கள். ரெட்டினைல் எஸ்டர் சோதிக்கும் லேப் கிடைத்தால் இப்போதே கொடுங்கள், வேகமாகக் குறைந்துவிடும் பொருள் அது. 12 மணி நேரம் வெறும் வயிறு இருக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் யாருக்கும் எஸ்டர் ஏறித்தான் இருக்கும். ரத்தக் குழாயை உடனே அலுமினியத் தாளில் சுற்றச் சொல்லுங்கள், வெளிச்சம் பட்டால் வைட்டமின் ஏ சிதைந்து பொய்யான குறைந்த அளவு வரும். கிடைக்காவிட்டால் அலைய வேண்டாம். எண் எதுவாக இருந்தாலும் சிகிச்சை நிறுத்துவதுதான்.

தழும்பு எந்த அளவில் இருக்கிறது என்பதற்கு உங்கள் ரிப்போர்ட்டிலேயே வழி இருக்கிறது. ஃபிப்-4 என்று ஒரு சூத்திரம்: வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்கி, அதைப் பிளேட்லெட் எண்ணிக்கையாலும் ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும். பிளேட்லெட்டை ஆயிரக் கணக்கில் எடுப்பது வழக்கம், அதாவது 210. உங்களுக்கு 46 பெருக்கல் 48, 2,208. 64-ன் வர்க்கமூலம் 8, அதை 210-ஆல் பெருக்க 1,680. விடை 1.31. 1.3-க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 2.67-க்கு மேலே என்றால் கூடுதல். நீங்கள் கோட்டின் மேலேயே நிற்கிறீர்கள். எனவே கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் ஒன்று எடுங்கள். குறைந்தது மூன்று மணி நேரம் சாப்பிடாமல் போக வேண்டும், சாப்பிட்டிருந்தால் விறைப்பு கூடக் காட்டும். 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே வந்தால் கவலையைப் பெரும்பாலும் ஓரமாக வைக்கலாம். அதற்கு மேல் வந்தால் கல்லீரல் நிபுணரிடம் போங்கள், காப்ஸ்யூல் எடுத்த நாள் கணக்கை எழுதிக் கையில் கொண்டு போங்கள். மூன்று முதல் ஆறு மாதத்தில் என்சைம் இறங்கவில்லை என்றால் பயாப்ஸி, அதாவது கல்லீரலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது பற்றி அவர் யோசிக்கலாம். வைட்டமின் ஏ நச்சில் வீங்கிய, துளி நிறைந்த ஸ்டெல்லேட் செல்களை அதில்தான் நேரில் பார்க்க முடியும்.

கொழுப்புக்கு உண்மையில் மருந்தாக வேலை செய்வது எடைக் குறைப்பு. 84 கிலோவில் 7 சதவீதம், அதாவது 6 கிலோ குறைந்தால் கொழுப்பும் அழற்சியும் கணிசமாக அடங்கும். 10 சதவீதம், எட்டரைக் கிலோ வரை குறைத்தவர்களில் தழும்பே பின்வாங்கியதைப் பார்த்திருக்கிறார்கள். வாரம் 150 நிமிடம் வேகநடை, இனிப்புப் பானம் அறவே இல்லை. ஆறு மாதத்தில் இது எட்டக்கூடியதே.

கல்லீரல் நோயில் வைட்டமின் ஏ உண்மையிலேயே தேவைப்படுபவர்கள் உண்டு, அவர்களை மறந்துவிடக் கூடாது. பித்தம் குடலுக்குச் சரியாக வராத பித்தத்தேக்க நோய்களில் கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. முற்றிய சிரோசிஸிலும் மாலை நேரத்தில் கண் தடுமாறுகிறது என்பார்கள். அங்கே ரத்த ரெட்டினால் குறைவாக இருந்தாலும் நேராக மாத்திரைக்குப் போக முடியாது, ஏனென்றால் கடத்திப் புரதத்தைத் தயாரிக்கும் கல்லீரலே நோய்ப்பட்டிருக்கிறது. இருப்பு இருந்தும் அனுப்ப வண்டி இல்லாத நிலை. அதனால் ரெட்டினாலையும் ஆர்.பி.பி.யையும் சேர்த்துப் பார்த்து விகிதத்தைக் கணக்கிடுவார்கள். துத்தநாகம் குறைந்தாலும் அந்த வண்டி ஓடாது, கண்ணில் ரெட்டினாலை அடுத்த வடிவமான ரெட்டினலாக்கும் என்சைமும் நின்றுவிடும். சிரோசிஸ் மாலைக்கண்ணில் துத்தநாகம் கொடுத்ததும் தெளிந்த நோயாளிகள் உண்டு. இதெல்லாம் மருத்துவர் அளந்து, திரும்பத் திரும்பச் சோதித்துக் கொடுக்கும் சிகிச்சை. உங்கள் நிலை அதுவல்ல.

இதற்கிடையில் காலையில் எழுந்ததும் தலைவலி, பார்வை இரட்டையாகத் தெரிதல், வாந்தி, எலும்பு வலி, உதடு வெடித்து உரிதல், முடி கொட்டுதல் இருந்தால் வைட்டமின் ஏ மிகுதியாக இருக்கலாம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். தலைவலியோடு பார்வை மங்கினாலோ, வயிறு உப்பி நீர் கோர்த்தாலோ, விழி மஞ்சளானாலோ அன்றே போக வேண்டும்.

மகள் விஷயம். ஐசோட்ரெட்டினோயினே ஒரு வைட்டமின் ஏ சேர்மம், ரெட்டினாயிக் அமிலத்தின் ஒரு வடிவம். அதன் மேல் காப்ஸ்யூலும் போட்டால் நச்சு ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். பாதுகாப்பு எதுவும் கிடைக்காது. சத்து மாத்திரையிலும் ரெட்டினைல் இருக்கக் கூடாது. டாக்சிசைக்ளின், டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக்கும் இதோடு சேரக் கூடாது, மூளைக்குள் அழுத்தம் ஏறக்கூடும். ஏ.எல்.டி.யும் டிரைகிளிசரைடும் மருந்து தொடங்குமுன் ஒருமுறை, ஒன்றிரண்டு மாதத்தில் மறுமுறை பார்த்தார்களா என்று கேளுங்கள். லேசாக ஏறுவது சகஜம். மேல் எல்லையைவிட மூன்று மடங்கைத் தாண்டினால் தோல் மருத்துவரே நிறுத்தச் சொல்வார். இந்த மருந்து கருவைக் கடுமையாகப் பாதிக்கும். எடுக்கும் காலத்திலும், நிறுத்திய பின் ஒரு மாதம் வரையிலும் கர்ப்பம் கூடாது, ரத்ததானமும் கூடாது. இதை மருத்துவர் மகளிடம் தனியாகப் பேசியிருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள், பேசவில்லை என்றால் அடுத்த மாத்திரை அட்டை வாங்குமுன் பேச வையுங்கள்.